குமிழைத் திருகினாலும் அதே பாட்டு

குயிலாப்பாளையம் கடைத்தெருவில் ஒரு பஞ்சர் கடை. பின்சக்கரத்தைக் கழற்றக் கொடுத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். அடுக்கிய பழைய டயர்களுக்கு மேலே ஆணியில் ஒரு ரேடியோ தொங்கியது. உடைந்துபோன ஏரியலுக்குப் பதிலாக சைக்கிள் போக்ஸ் கம்பி ஒன்றைச் செருகி வைத்திருந்தார் கடைக்காரர். ஒரு நிலையத்தில் நகைக்கடை விளம்பரம் வந்தது. கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு குமிழைத் திருகினார். புதுப் படப் பாட்டு ஒன்று வந்தது. பிடிக்கவில்லை போலும், மறுபடி திருகினார். அங்கேயும் அதே பாட்டு, இரண்டாவது சரணத்தில் ஓடிக்கொண்டிருந்தது. “எங்க போனாலும் இவந்தாண்ணே” என்று சிரித்தார்.

இந்தச் சிரிப்புக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் காரணம் ரசனை. ஜனங்கள் கேட்பதைப் போடுகிறார்கள் என்று ஒரு கட்சி. போட்டுப் போட்டு ஜனங்களைக் கெடுத்துவிட்டார்கள் என்று இன்னொரு கட்சி. எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. இது ரசனையைவிட அதிகமாகக் கூட்டல் வகுத்தல் விஷயம்.

முதலில் இந்தக் கரையில் என்னென்ன கேட்கிறது என்று பார்ப்போம். புதுச்சேரி ஆகாசவாணி 1967-ல் தொடங்கியது. அதன் ரெயின்போ பண்பலை 102.8-ல் வருகிறது. சூரியன், ஹலோ, பிக் என்று தனியார் பண்பலைகள் இருக்கின்றன. காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலி ‘புதுவை வாணி’ 107.8-ல். பக்கத்து ஆரோவில்லில் ஒரு வானொலி உண்டு. ஆனால் அது இணையத்தில் வருவது, பஞ்சர் கடை ரேடியோவில் எடுக்காது. கடைகள் இத்தனை இருந்தும் பெரும்பாலான கடைகளில் ஒரே சரக்கு.

“கானா, மெலடி, குத்து, கர்நாடக ராகம், ராப், எல்லாமும்தானே போடுகிறார்கள்?” என்று கேட்கலாம். போடுகிறார்கள், சினிமா வழியாக வந்தால். தமிழ் சினிமா எல்லா இசையையும் விழுங்கிச் செரிக்கும் வயிறு என்பதால் இந்தக் குறை சட்டென்று கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் தெருக்கூத்தின் தாய்மண். திரௌபதி அம்மன் கோயில் திருவிழா வந்தால் விடிய விடியக் கூத்து நடக்கும். ஆர்மோனியமும் மத்தளமும் முகவீணையும் கேட்காத ஊர் இந்தப் பக்கம் குறைவு. பம்பை, உடுக்கை, பெரிய மேளம் எல்லாம் இங்கே அன்றாடப் புழக்கம். அதில் ஒரு துண்டு தனியார் பண்பலையில் காலை எட்டு மணிக்கு வந்து நான் கேட்டதில்லை. உள்ளூர் நிலையம் என்கிறோம். பாட்டு நூற்று முப்பது கிலோமீட்டர் தள்ளிச் சென்னையில் தயாராகிறது.

இப்போது கணக்கு. பீட்டர் ஸ்டெய்னர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1952-ல் வானொலிப் போட்டியைப் பற்றி எழுதிய கட்டுரையின் அடிப்படை இதுதான். எண்களை நம் ஊருக்கு நானே கற்பனையாக வைத்துக்கொள்கிறேன். நூறு வீடு. அதில் எழுபத்தைந்து வீட்டில் புதுப் படப் பாட்டு வேண்டும், பதினைந்து வீட்டில் கூத்தும் கிராமியப் பாட்டும் வேண்டும், பத்து வீட்டில் கச்சேரி வேண்டும். முதல் நிலையம் வருகிறது. எதைப் போடும்? படப் பாட்டைத்தான், எழுபத்தைந்து வீடும் அதற்கே. இரண்டாவது நிலையம் வருகிறது. கூத்தைப் போட்டால் பதினைந்து வீடு. படப் பாட்டையே போட்டு முதல் நிலையத்தோடு பங்கு போட்டால் ஏறக்குறைய முப்பத்தெட்டு. சந்தேகம் என்ன, படப் பாட்டுதான். மூன்றாவது நிலையத்துக்கும் பங்கு இருபத்தைந்து வருகிறது. நான்காவதற்குப் பதினெட்டுக்கும் மேல். ஐந்தாவது நிலையம் வரும்போதுதான் பங்கு பதினைந்தாகக் குறைந்து, “கூத்து போட்டால் என்ன?” என்ற யோசனையே ஒருவருக்கு வரும். கச்சேரிக்காரர்கள் இன்னும் ரொம்ப நாள் காத்திருக்க வேண்டும்.

இதில் யாரும் கெட்டவர் இல்லை, யாரும் முட்டாளும் இல்லை. ஒவ்வொருவரும் தன் லாபத்தைச் சரியாகவே பார்த்திருக்கிறார். இருபத்தைந்து வீட்டுக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஸ்டெய்னர் கணக்கில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. நாலு நிலையமும் ஒரே முதலாளியிடம் இருந்தால் அவர் எல்லாவற்றிலும் படப் பாட்டைப் போடமாட்டார். தன் கடையோடு தானே போட்டி போடுவானேன்? ஒன்றில் படப் பாட்டு, ஒன்றில் கூத்து, ஒன்றில் கச்சேரி என்று பிரித்து நூறு வீட்டையும் பிடிப்பார். நம் ஆகாசவாணியின் பழைய காலத்தை இதை வைத்துப் புரிந்துகொள்ளலாம். சென்னை நிலையம் 1938-லும் திருச்சி 1939-லும் வந்தபின் பல பத்தாண்டுகள் போட்டிக்கு ஆளே இல்லை. அதனால் கச்சேரிக்கு ஒரு நேரம், வில்லுப்பாட்டுக்கு ஒரு நேரம், நாடகத்துக்கு ஒரு நேரம், ‘வீடும் வயலும்’ என்று விவசாயிக்கு ஒரு நேரம் என ஒதுக்க முடிந்தது. கொல்லங்குடி கருப்பாயி 1985-ல் ‘ஆண்பாவம்’ படத்துக்கு வருமுன்பே வானொலியில் பாடியவர்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் ஆக்கிவிடவும் வேண்டாம். 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான கேஸ்கர் சினிமாப் பாட்டை வானொலியிலிருந்து ஏறக்குறைய விரட்டியேவிட்டார். கேட்பவர்கள் இலங்கை வானொலிக்குத் தாவினார்கள். நம் கடற்கரையில் அது கணீரென்று கேட்கும். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர்கள் வீட்டு மனிதர்கள் ஆனார்கள். ‘பொங்கும் பூம்புனல்’ கேட்டு எழுந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1957-ல் விவித்பாரதி வந்ததே ஓடிப்போனவர்களைத் திருப்பிப் பிடிக்கத்தான். மாற்று வேண்டும் என்று ஜனங்கள் கடல் கடந்து தேடிப்போன சரக்கு அன்றைக்கு இதே சினிமாப் பாட்டுதான்.

சரி, ஐந்தாவது ஆறாவது நிலையங்கள் ஏன் முளைப்பதில்லை? பண்பலைக்கு 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை இடம். நம் நாட்டில் ஒரே ஊரில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே 0.8 மெகாஹெர்ட்ஸ் விட வேண்டும் என்பது வழக்கம். அதிலும் ஒரு பகுதி ஆகாசவாணிக்கு. மிச்சத்தை ஏலம் விடுகிறார்கள். 2015 ஏலத்தில் தில்லியின் ஓர் அலைவரிசை 169 கோடி ரூபாய்க்குப் போனது. புதுச்சேரிக்கு அவ்வளவு விலை இல்லைதான். ஆனாலும் ஏலத்தொகை, அதற்குமேல் ஆண்டுக்கு வருமானத்தில் 4 சதவீதம் கட்டணம், பாட்டுக்கு உரிமைத்தொகை எல்லாம் கொடுத்துவிட்டு உட்காருபவர் பதினைந்து வீட்டுக்காகக் கூத்து போடுவாரா?

இன்னொரு கதவையும் அரசே சாத்தி வைத்திருக்கிறது. தனியார் பண்பலை சொந்தமாகச் செய்தி தர முடியாது. வேண்டுமானால் ஆகாசவாணிச் செய்தியை ஒரு எழுத்து மாற்றாமல் அஞ்சல் செய்யலாம். இலங்கையில் சூரியன் எஃப்எம், சக்தி எஃப்எம் எல்லாம் செய்தி சொல்கின்றன. செய்தி இருந்தால் நிலையத்துக்கு நிலையம் ஒரு முகம் வரும். இங்கே பாட்டையும் அரட்டையையும் தவிர வித்தியாசம் காட்ட வேறு இடம் இல்லை.

பாட்டு எப்படித் தேர்வாகிறது என்பதையும் பார்த்துவிடுவோம். நிகழ்ச்சி தருபவர் கைக்கு வந்த இசைத்தட்டைப் போடும் காலம் எப்போதோ போய்விட்டது. கணினியில் பாட்டுகளைக் கூடை கூடையாகப் பிரித்திருப்பார்கள்: அடிக்கடி வருபவை, அவ்வப்போது வருபவை, எப்போதாவது வருபவை. முதல் கூடையில் பதினைந்து பாட்டு என்று வையுங்கள். மணிக்கு அதிலிருந்து ஐந்து எடுத்தால் மூன்று மணி நேரத்தில் சுற்று முடிந்து முதல் பாட்டே திரும்ப வரும். பதினெட்டு மணி நேரத்தில் ஆறு முறை. நாள் முழுக்கக் கேட்கிற பஞ்சர் கடைக்காரருக்கு இது தண்டனை. ஆனால் கூடையை அடுக்கியவர் மனத்தில் இருப்பவர் இவர் அல்ல. காரில் கால்மணி நேரம் கேட்டுவிட்டு இறங்குகிறவர். அவர் எப்போது திறந்தாலும் தெரிந்த பாட்டு கிடைக்க வேண்டும். 1950-களில் அமெரிக்காவில் டாட் ஸ்டார்ஸ் என்பவர் பரப்பிய முறை இது. காசு போட்டால் பாடும் பெட்டியில் வாடிக்கையாளர்கள் நாள் முழுக்க ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டதையும், அவர்கள் போனபின் பரிமாறும் பெண்ணும் தன் காசைப் போட்டு அதையே கேட்டதையும் பார்த்து யோசனை வந்ததாக ஒரு கதை சொல்வார்கள்.

போதாததற்கு, யார் கேட்கிறார்கள் என்ற அளவும் சரியாக இல்லை. 2007-ல் வந்த வாராந்தரக் கணக்கெடுப்பு தில்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு நான்கில்தான் நடந்தது. சென்னையே அதில் இல்லை. அளவு தெரியாதபோது பக்கத்துக் கடையைப் பார்த்துக் கடை போடுவதுதான் பத்திரம். எல்லா நிலையத்திலும் விடிகாலையில் பக்தி, ராத்திரி இளையராஜா என்று ஒரே கடிகாரம் ஓடுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டாம்.

அந்தக் கடிகாரம் யாருக்கு என்று தெரிய வேண்டுமானால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே மரக்காணம் போங்கள். உப்பளத்தில் வேலை இருட்டிலேயே தொடங்கிவிடும். வெயில் ஏறுமுன் பாத்தியில் உப்பை வாரிக் குவித்தாக வேண்டும். பட்டன் போன் வைத்திருப்பவர்கள் அதில் ரேடியோ கேட்பார்கள். காதில் மாட்டும் வயர்தான் அதற்கு ஏரியல், வயரைப் பிடுங்கினால் பாட்டு நின்றுவிடும். பண்பலையின் விலை கூடிய நேரமான காலை நிகழ்ச்சி கலகலப்பாகும்போது இவர்கள் பாதி வேலையை முடித்திருப்பார்கள். அந்த நிகழ்ச்சி நகைக்கடைக்கும் மனைப் பிரிவுக்கும் போகக்கூடியவர்களைக் கூப்பிடுகிறது. தலைக்கூடை சுமக்கிற பெண் நூறு வீட்டுக் கணக்கிலேயே வருகிறாளா என்பது சந்தேகம்.

வழி இல்லாமல் இல்லை. புதுச்சேரியை ஆண்ட பிரான்சில் 1994-ல் ஒரு சட்டம் போட்டார்கள்: பாட்டு போடும் வானொலிகளில் 40 சதவீதம் பிரெஞ்சுப் பாட்டு, அதில் பாதி புதியவர்களுடையதோ புதிதாக வந்ததோ. 1996-லிருந்து அமல். பிரெஞ்சு ராப் வளர்ந்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். நிலையங்கள் சும்மா இருக்குமா? பத்துப் பாட்டையே திரும்பத் திரும்பப் போட்டு நாற்பதை நிரப்பின. 2016-ல் அதற்கும் ஒரு கடிவாளம் போட வேண்டியதாயிற்று. நம் விதியிலும் நாளில் 20 சதவீதம் உள்ளூர் மொழியில், உள்ளூர் விஷயத்தை வளர்ப்பதாக இருக்க வேண்டும் என்று உண்டு. மொழிப் பாதியைக் கோடம்பாக்கமே நிரப்பிவிடுகிறது. உள்ளூர் என்றால் எந்த ஊர் என்று கேட்பார்தான் இல்லை.

என் கட்சி சமுதாய வானொலி. 2004-ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது இந்த வகை. 2006-லிருந்து தொண்டு அமைப்புகளும் உரிமம் கேட்கலாம், பதிவாகி மூன்றாண்டு ஆகியிருக்க வேண்டும். ஏலம் கிடையாது. 50 வாட் கருவி, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கேட்கும். நிகழ்ச்சியில் பாதியாவது அந்த ஊரிலேயே தயாராக வேண்டும். பாம்பனில் 2016-லிருந்து மீனவர்களுக்கென்று ‘கடல் ஓசை’ ஒலிக்கிறது. பதினைந்து வீடு போதும் என்று சொல்லக்கூடிய நிலையம் இது ஒன்றுதான், ஏனென்றால் லாபத்துக்காக அது பிறக்கவில்லை. பணத் தட்டுப்பாடு அதற்கு நித்திய நோய் என்பதையும் சொல்ல வேண்டும்.

டியூப் மாற்றி முடிந்தது. காற்றுப் பிடித்து, எச்சில் தொட்டு வால்வில் வைத்து முட்டை வருகிறதா என்று பார்த்தார். ரேடியோவில் மறுபடி விளம்பரம். இந்த முறை குமிழைத் தொடவில்லை. அணைத்துவிட்டு, ஸ்பீக்கர் பெட்டியில் ஒரு பென் டிரைவைச் செருகினார். மொபைல் கடையில் ஐம்பது ரூபாய்க்கு ஏற்றியதாம். ஆர்மோனியம் எழுந்தது, மத்தளம் சேர்ந்தது.

“கர்ண மோட்சம்ணே. எங்க ஊர்த் திருவிழாவுல புடிச்சது.”

எவ்வளவு ஆச்சு என்று கேட்டேன். கர்ணன் பாடிக்கொண்டிருந்ததால் அவருக்குக் காதில் விழவில்லை.