பாடாத பெட்டியின் குறை எங்கே?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது பழமொழி. ஆனால் கூடம் மெய்யாகவே கோணலாக இருந்து, பழி மட்டும் ஆடுகிறவள் மேல் விழுந்தால்? எங்கள் பள்ளி வேனில் பொருத்தியிருந்த ஆம்ப்ளிபயருக்கு இவ்வாண்டு அப்படியொரு பழி நேர்ந்தது. பதினோராம் வகுப்பு இயற்பியல் மாணவியராகிய நாங்கள் அந்த வழக்கை விசாரித்த வரலாற்றை அன்புத் தோழியருக்கும் பெற்றோருக்கும் இங்கே எடுத்துரைக்க விழைகிறோம்.

சுற்றுலா நாட்களில் பாட்டுப் போடவும் அறிவிப்புச் செய்யவும் வேனின் பின் இருக்கைக்கு அடியில் ஓர் ஆம்ப்ளிபயர் உண்டு. வேன் ஓட்டும் அண்ணன் தம் கைப்படப் பொருத்தியது அது. சில வாரங்களாக, மெதுவாக வைத்தால் பாடும். ஒலியைக் கூட்டினால் சிவப்பு விளக்கு எரிந்து ஊமையாகிவிடும். போதாக்குறைக்கு, எஞ்சின் ஓடும்போது பாட்டுக்குள் கொசு ரீங்காரம் போல ஓர் ஓசை. கடைக்காரர் ஒருவர், "உள்ளே எரிந்துவிட்டது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார். "நான்தான் கெடுத்துவிட்டேன் சிஸ்டர், என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று அண்ணன் தலைகுனிந்து நின்றார். எங்கள் இயற்பியல் சிஸ்டரோ, "முதலில் அளந்து பார்ப்போம், பிறகு தீர்ப்புச் சொல்வோம்" என்று மல்டிமீட்டரை எங்கள் கையில் கொடுத்தார்கள்.

ஐந்து வழிகள்

வண்டியில் உள்ள ஆம்ப்ளிபயருக்கு ஐந்து வழிகள் உண்டு. பாட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து மின்சாரம் கொண்டு வரும் தடித்த ஒயர் ஒன்று. அந்த மின்சாரம் வண்டியின் இரும்பு உடல் வழியாகப் பாட்டரிக்குத் திரும்புவதற்கான எர்த் ஒயர் இரண்டாவது. முன்னால் உள்ள செட்டைப் போட்டதும் "விழித்துக்கொள்" என்று ஆம்ப்ளிபயருக்குச் சொல்லும் மெல்லிய ஒயர் மூன்றாவது. செட்டிலிருந்து பாட்டைக் கொண்டு வரும் கேபிள் நான்காவது. ஸ்பீக்கர்களுக்குப் போகும் ஒயர்கள் ஐந்தாவது. இவற்றுள் எது பழுதானாலும் பழி பெட்டியின் மேல்தான் விழும். ஆகவே பெட்டியைத் திறக்குமுன் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால், எதனால் குணமாயிற்று என்று தெரியாமல் போய்விடும்.

மீட்டர் சொன்ன சாட்சி

எங்கள் வேனின் பாட்டரி 12 வோல்ட் வகை. எஞ்சினை நிறுத்திவிட்டு அளந்தோம், 12.6 வோல்ட் இருந்தது. பாட்டு இல்லாதபோது ஆம்ப்ளிபயரின் முனைகளிலும் ஏறக்குறைய அதே அளவு இருந்தது. "எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது!" என்று நாங்கள் ஏமாந்தோம். "பாட வைத்துக்கொண்டு அளந்து பாருங்கள்" என்றார்கள் சிஸ்டர்.

ஒலியைக் கூட்டினோம். சிவப்பு விளக்கு எரியும் தறுவாயில், பாட்டரியில் 12.4 வோல்ட் இருக்க, ஆம்ப்ளிபயரின் முனைகளில் 10 வோல்ட்தான் காட்டியது. இடையே 2.4 வோல்ட் எங்கே போயிற்று?

இங்கேதான் நாங்கள் வகுப்பில் படித்த ஓம் விதி உயிர்பெற்று வந்தது. ஜெர்மானியப் பள்ளி ஆசிரியரான கியோர்க் ஓம் 1827-ல் தம் நூலில் வெளியிட்ட விதி அது. மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் அங்கே குறையும் வோல்ட் கிடைக்கும். ஓட்டம் இல்லாதபோது எவ்வளவு தடை இருந்தாலும் குறைவு தெரியாது. 10 ஆம்பியர் ஓடும்போது, ஓர் ஓமில் ஐந்தில் ஒரு பங்கு தடை இருந்தாலே 2 வோல்ட் தொலைந்துவிடும். மெதுவாகப் பாடும்போது பிழைத்த பெட்டி உரக்கப் பாடும்போது ஊமையானதன் மர்மம் இதுதான். மின்னழுத்தம் மிகவும் தாழ்ந்தால் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும்படி அமைத்திருக்கிறார்கள். சிவப்பு விளக்கு சாவின் அடையாளமன்று. உதவி கேட்கும் குரல்.

குறை போகும் வழியிலா, திரும்பும் வழியிலா? மீட்டரின் ஒரு கம்பியை நீட்டிக்கொண்டு, பாட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஆம்ப்ளிபயரின் பாசிட்டிவ் வரை அளந்தோம், 0.2 வோல்ட். பிறகு நெகட்டிவ் முனையிலிருந்து எர்த் முனை வரை அளந்தோம், 2.2 வோல்ட்! குற்றவாளி அகப்பட்டான். எர்த் ஒயரின் வளையத்தைப் பெயிண்ட் பூசிய தகட்டின் மேலேயே போல்ட் போட்டு முறுக்கியிருந்தார்கள். பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. போல்ட்டின் மரை வழியே கிடைத்த சிறு தொடர்பை நம்பித்தான் அத்தனை காலம் பெட்டி பாடியிருக்கிறது. உப்புத்தாளால் பெயிண்டைத் தேய்த்து, வெள்ளை இரும்பு தெரிந்ததும் இறுக்கிப் பொருத்தி, துருப் பிடிக்காமல் இருக்க மேலே கிரீஸ் பூசினோம். மறுபடி அளந்தபோது 0.1 வோல்ட்தான் குறைந்தது. முழு ஒலியிலும் பெட்டி கணீரென்று பாடியது. அண்ணன் முகத்தில் அன்று கண்ட சிரிப்பை நாங்கள் மறக்க மாட்டோம்.

கொசு எங்கிருந்து வந்தது?

ரீங்காரம் குறைந்ததே தவிர முற்றும் ஓயவில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதன் சுருதி ஏறியது, விட்டால் இறங்கியது. எஞ்சின் சுழற்றும் ஆல்டர்னேட்டரின் வேலை அது என்பதற்கு இதுவே அத்தாட்சி. ஆல்டர்னேட்டர் உண்டாக்குவது மாறுதிசை மின்சாரம். டயோடுகள் அதை நேர்மின்சாரமாக்கினாலும் சிற்றலைகள் கொஞ்சம் மிஞ்சும். செட்டுக்கும் ஆம்ப்ளிபயருக்கும் எர்த் மட்டம் வேறுபட்டால் அந்த அலைகள் பாட்டோடு கலந்துவிடும். பாட்டுக் கேபிளைத் தடித்த மின் ஒயரோடு சேர்த்துக் கட்டினாலும் தொல்லைதான். எங்கள் வேனில் இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டியிருந்தார்கள். கேபிளைப் பிரித்து வண்டியின் மறுபக்கமாகக் கொண்டு போனோம், கொசு பறந்துவிட்டது.

ஸ்பீக்கர் ஒயர்களையும் சோதித்தோம். அவை எங்கேனும் நசுங்கி வண்டியின் உடலைத் தொட்டாலும் ஆம்ப்ளிபயர் அணைந்துவிடும். நல்லவேளை, அங்கே குறை இல்லை.

பாடியது போதும் என்று விட்டிருந்தால்...

பெட்டி பாடியதும் எங்களில் சிலர் கைகழுவப் புறப்பட்டோம். சிஸ்டர், "ஐந்து வழிகள் என்றீர்களே, முதல் வழியை முழுதும் பார்த்தீர்களா?" என்று கேட்டார்கள். மீட்டரில் 0.2 வோல்ட் வந்ததால் அதை நல்லதென்று விட்டிருந்தோம். இப்போது கையால் தடவிக்கொண்டே பின்தொடர்ந்தோம். எஞ்சின் அறையிலிருந்து உள்ளே வர இரும்புத் தகட்டில் போட்டிருந்த துளையில் ரப்பர் வளையம் இல்லை. தகட்டின் விளிம்பு உராய்ந்து உராய்ந்து, ஒயரின் மேலுறை பாதி அறுந்திருந்தது. பாட்டரி அருகே ஃபியூஸும் இல்லை!

"12 வோல்ட்தானே, தொட்டாலும் ஷாக் அடிக்காதே" என்று நாமெல்லாம் எண்ணுகிறோம். ஆனால் எஞ்சினைக் கிளப்ப நூற்றுக்கணக்கான ஆம்பியர் தரக்கூடியது அந்தப் பாட்டரி. மேலுறை முழுதும் அறுந்து செம்பு தகட்டைத் தொட்டிருந்தால், ஒயர் நொடியில் பழுக்கக் காய்ந்து தீப்பற்றியிருக்கும். ஆம்ப்ளிபயரில் ஒரு ஃபியூஸ் இருந்தது உண்மையே. ஆனால் அது வழியின் கடைசியில் இருப்பதால், நடுவழியில் நேரும் விபத்தைத் தடுக்காது. அந்த வேனில் தினமும் ஏறுபவர்கள் நம் தங்கைகள் என்று நினைத்தபோது எங்களுக்கு உடல் சிலிர்த்தது.

அண்ணன் அன்றே பாட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றினார். பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பானர் இரும்பில் பட்டவுடன் பொறி பறக்கும் என்று விளக்கினார். புது ஒயர் இழுத்து, துளைக்கு ரப்பர் வளையம் மாட்டி, பாட்டரியிலிருந்து ஓர் அடி தூரத்தில் ஒயரின் தடிமனுக்கு ஏற்ற ஃபியூஸ் வைத்தார். நெகட்டிவைக் கடைசியில் பூட்டினார். சில அடி ஒயர், ஒரு ஃபியூஸ், ஒரு வளையம், ஒரு துண்டு உப்புத்தாள்: செலவு அவ்வளவே. சம்பளத்தில் பிடிக்கும் பேச்சு அதோடு நின்றது.

தோழியரே, அளக்காமல் சொல்லும் தீர்ப்பு பெட்டிக்கும் அநீதி, பொருத்தியவருக்கும் அநீதி. பெட்டியை மட்டும் மாற்றியிருந்தால், பெயிண்டும் அறுந்த ஒயரும் அப்படியே இருந்திருக்கும். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் காரில் ஆம்ப்ளிபயர் இருந்தால், இன்று மாலையே பானெட்டைத் திறந்து, பாட்டரியிலிருந்து அதற்குப் போகும் ஒயரைப் பாருங்கள். பாட்டரி அருகே ஃபியூஸ் இல்லையென்றால், அதை வைத்த பிறகு பாட்டுக் கேளுங்கள்.