மூச்சுத் திணறும் யமுனை

இமயமலையில் யமுனோத்ரியில் தோன்றும் யமுனை ஆறு, 1376 கிலோமீட்டர் தொலைவு ஓடிப் பிரயாக்ராஜில் கங்கையுடன் கலக்கிறது. தில்லியில் வசீராபாத் முதல் ஓக்லா வரை அது ஓடும் தொலைவு 22 கிலோமீட்டரே. மொத்த நீளத்தில் 2 விழுக்காட்டிற்கும் குறைவு. ஆயினும், யமுனையில் சேரும் மாசில் ஏறத்தாழ முக்கால் பங்கு இச்சிறு பகுதியில்தான் கலக்கிறது.

பல்லா என்னும் சிற்றூரின் அருகே தில்லிக்குள் நுழையும்போது யமுனை பெரும்பாலும் மீன்கள் வாழத்தக்க ஆறாகவே உள்ளது. வசீராபாத் தடுப்பணையைக் கடந்ததும், வீட்டுக் கழிவுநீரையும் ஆலைக் கழிவுநீரையும் சுமந்துவரும் நஜஃப்கர் வடிகால் அதில் கலக்கிறது. அதன்பின் மீன்களைக் காண்பது அரிது.

நீரில் வாழும் மீனுக்கு மூச்சுத் திணறுமா? திணறும். நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை மீன்கள் செவுள்களால் பெறுகின்றன. அவை நலமாக வாழ, ஒரு லிட்டர் நீரில் குறைந்தது 4 மில்லிகிராம் ஆக்சிஜனேனும் இருத்தல் வேண்டும். கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் அதனைச் செலவழித்துவிடுகின்றன. வறண்ட மாதங்களில் தில்லிப் பகுதியின் பல இடங்களில் அவ்வளவு சுழியமாகிவிடுகிறது. கழிவிலுள்ள அம்மோனியாவும் சலவைத்தூளின் வேதிப்பொருள்களும் செவுள்களைப் புண்படுத்துகின்றன. ஓக்லா தடுப்பணையிலிருந்து நீர் விழுந்து கலங்கும்போது வெண்ணுரை பொங்குவதற்கும் சலவைப் பொருள்களே முதன்மைக் காரணம்.

தாவரங்களுக்கு நேரும் தீங்கு வேறுவகையானது. கழிவிலுள்ள பாஸ்பேட்டும் நைட்ரஜனும் உரமாகி, ஆகாயத்தாமரையையும் பாசியையும் அளவின்றி வளர்க்கின்றன. இப்பசுமையை நலத்தின் அடையாளம் என்று எண்ணலாகாது. அவை நீர்ப்பரப்பை மூடிக் கதிரவன் ஒளியைத் தடுப்பதால், அடியிலுள்ள நீர்த்தாவரங்கள் உணவு தயாரிக்க இயலாமல் மடிகின்றன. மடிந்தவை அழுகும்போது ஆக்சிஜன் மேலும் குறைகிறது.

ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் வேரின் வளர்ச்சியைக் குன்றச் செய்கின்றன. இலையின் பச்சையத்தைக் குறைக்கின்றன. அவை சிதைந்து மறைவதில்லை. மீனின் உடலில் தங்குகின்றன. மாசடைந்த நீர் பாயும் நிலத்தில் விளையும் கீரைகளின் வழியே மனிதரின் உணவையும் அடைகின்றன.

மழைக்காலத்தில் வெள்ளம் பெருகும்போது யமுனையில் ஆக்சிஜன் அளவு உயர்கிறது. ஆறு மீளக்கூடியது என்பதற்கு இதுவே சான்று. கழிவுநீரைத் தூய்மைப்படுத்திய பின்னரே ஆற்றில் விடுதல் அரசுக்கும் ஆலைகளுக்கும் உரிய கடமை. சலவைத்தூளைத் தேவைக்குமேல் கொட்டாதிருத்தல் ஒவ்வொரு வீட்டிலும் இயலும்.

சொற்பொருள்
விழுக்காடு – சதவீதம்
செவுள் – மீனின் மூச்சு உறுப்பு
சுழியம் – பூச்சியம்
குன்றுதல் – குறைதல்
பச்சையம் – இலைக்குப் பச்சை நிறம் தரும் பொருள்

சிந்தித்து விடை எழுதுக
1. ஆகாயத்தாமரை மிகுதியாக வளர்வது ஆற்றுக்கு ஏன் தீங்காகிறது?
2. உங்கள் வீட்டுக் கழிவுநீர் எங்குச் சென்று சேர்கிறது? பெரியோரிடம் கேட்டறிந்து ஐந்து வரிகளில் எழுதுக.