மெழுகுவர்த்தியைக் கரைத்த அமிலம்! தெரியுமா?

கந்தக அமிலம்தான் அமிலங்களின் ராஜா என்று நினைக்கிறீர்களா? அதைப் பூஜ்யமாக்கும் அமிலங்கள் இருக்கின்றன!

1966. அமெரிக்காவில் வேதியியலாளர் ஜார்ஜ் ஓலாவின் ஆய்வகம். கிறிஸ்துமஸ் விருந்தில் மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டை ஆய்வாளர் ஒருவர் சும்மா ஓர் அமிலத்தில் போட்டுப் பார்த்தார். கரைந்தே போய்விட்டது! சாதாரண அமிலம் எதற்கும் மசியாத மெழுகு! அந்த அமிலத்தின் பெயர் என்ன தெரியுமா? 'மேஜிக் ஆசிட்'! இத்தகைய அமிலங்களின் துணையோடு செய்த ஆராய்ச்சிக்காக 1994-இல் ஓலாவுக்கு நோபல் பரிசே கிடைத்தது!

அதையும் விஞ்சியது ஃபுளூரோஆன்டிமோனிக் அமிலம். கலப்பற்ற கந்தக அமிலத்தைவிட 100 கோடி மடங்குக்கும் மேல் வலிமை! கண்ணாடிக் குடுவையில் ஊற்றினால் குடுவையையே தின்றுவிடும்!

வலிமையான அமிலம் என்றாலே அரிக்கும் என்கிறீர்களா? அங்கேதான் ஆச்சரியம்! கார்போரேன் அமிலம் கந்தக அமிலத்தைவிடக் குறைந்தது 10 லட்சம் மடங்கு வலிமையானது. ஆனாலும் கண்ணாடிப் பாட்டிலில் சாதுவாக இருக்கும்! எப்படி? தன் புரோட்டானை அடுத்தவர் தலையில் கட்டும் அவசரம்தான் அமிலத்தின் வலிமை. அரிப்பது பெரும்பாலும் மிஞ்சி நிற்கும் மற்ற பாதியின் வேலை!

நேர்மாறான ஆசாமியும் உண்டு. ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் வேதியியல் கணக்கில் வலிமை குறைந்தது. ஆனால் கண்ணாடியைக் கரைக்கும்! தோல் வழியே ஊடுருவி உடலின் கால்சியத்தையே பிடுங்கிக்கொள்ளும்! 'வலிமை குறைந்தது' என்று நம்பி யாரும் கிட்டே போய்விடக் கூடாது.

அமிலத்தன்மை கூடக் கூடக் குறையும் பி.எச். அளவு பூஜ்யத்துக்குக் கீழே போகுமா? போகும்! கலிஃபோர்னியாவின் அயர்ன் மவுண்டன் சுரங்கத்தில் ஊறும் நீரில் மைனஸ் 3.6 பதிவாகியிருக்கிறது!

எல்லாவற்றுக்கும் உச்சம் எது? ஹீலியம் ஹைட்ரைடு அயனி! எதனோடும் ஒட்டாத ஹீலியத்தின் தலையில் ஒரு புரோட்டான். எது எதிரே வந்தாலும் அந்தப் புரோட்டானை உடனே அதன் தலையில் தள்ளிவிட்டுவிடும்! அதனால் பாட்டிலில் அடைக்கவே முடியாது. 1925-இல் ஆய்வகத்தில் உருவாக்கிவிட்டார்கள். விண்வெளியில் கண்டறிந்ததோ 2019-இல்தான்!

இதெல்லாம் நமக்கு எட்டாதவை. ஆனால் ஆரத்தித் தட்டு? மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்ததும் ஏன் சிவக்கிறது தெரியுமா? சுண்ணாம்பு ஒரு காரம். அது பட்டதும் மஞ்சளில் உள்ள குர்குமின் நிறம் மாறுகிறது! அந்தச் சிவப்பு நீரில் எலுமிச்சைச் சாற்றைப் பிழியுங்கள். மறுபடியும் மஞ்சள்! இன்றே செய்து பாருங்கள்!