புற ஊதாக் கதிரால் இறுகும் அச்சு மை

நனைந்த துணி உலர்வது நீர் ஆவியாகி வெளியேறுவதனால். செய்தித்தாளின் மை பெரும்பாலும் தாளினுள் ஊறி அடங்குகிறது. கண்ணாடி, உலோகத் தகடு, அக்ரிலிக் பலகை ஆகியவற்றின் மீது விழும் மைக்கு ஊறுவதற்கு இடமில்லை. அவற்றில் அச்சிடப் பயன்படும் புற ஊதா மையில் ஆவியாகிப் போவதற்கும் ஏறக்குறைய எதுவும் இல்லை. விழுந்த திரவமே ஒளிபட்டுத் திடப்பொருளாக மாறுகிறது. எனவே இதனை 'மை காய்தல்' என்பது பொருந்தாது. 'இறுகுதல்' என்பதே தகும். இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. காய்ந்துவிட்டது என்று விரலால் தொட்டுப் பார்த்து அனுப்பப்படும் அச்சுகளே பின்னர் உரிகின்றன.

இம்மையில் அக்ரிலேட் வகை மூலக்கூறுகள், நிறமி, ஒளித்தூண்டி என்னும் பொருள் ஆகியவை கலந்துள்ளன. கதிரை உட்கொண்ட ஒளித்தூண்டி சிதைந்து, வினைவேகம் மிக்க துணுக்குகளை ஈனுகிறது. அவை அக்ரிலேட் மூலக்கூறுகளைச் சங்கிலிபோல் பிணைக்க, நொடிப்பொழுதில் வலை போன்ற பாலிமர் உருவாகிறது. பல் மருத்துவர் பற்குழியில் பசையை நிரப்பி நீல ஒளி பாய்ச்சும்போது நிகழ்வதும் இத்தகைய வினையே. ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துக்காட்ட ஏற்றது. காற்றிலுள்ள ஆக்சிஜன் இச்சங்கிலியை இடையில் முறிக்கவல்லது. ஒளி போதாதபோது மையின் மேற்பரப்பு பிசுபிசுப்பாக நிற்பது இதனாலேயே.

விளக்கும் மையும் ஒன்றுக்கொன்று இசைந்திருத்தல் வேண்டும். பாதரச ஆவி விளக்கு 254, 313, 365 நானோமீட்டர் முதலிய பல அலைநீளங்களில் ஒளிர்வது. எல்.இ.டி. விளக்கோ 365, 385, 395, 405 நானோமீட்டர் இவற்றுள் ஒன்றை ஒட்டிய குறுகிய பட்டையில் மட்டும் ஒளிர்வது. முன்னதற்கெனச் செய்த மை பின்னதன்கீழ் சரிவர இறுகாமற் போகலாம். அடுத்து, மை பெறும் மொத்த ஒளி என்பது ஒளிச்செறிவையும் நேரத்தையும் பெருக்கி வருவது. அச்சுத்தலையின் வேகத்தை இரட்டித்தால் ஒருமுறை கடக்கையில் மை பெறும் ஒளி பாதியாகும். மங்கலான ஒளியை நெடுநேரம் காட்டி இக்குறையை முழுதும் ஈடுசெய்ய இயலாது. அந்த இடைவேளையில் ஆக்சிஜன் தன் வேலையைச் செய்துவிடும்.

பலகையின் தடிமனை உறை மீதுள்ள எண்ணைக் கொண்டு அமைத்தல் தவறு. வெர்னியர் அளவியால் பல இடங்களில் அளத்தல் வேண்டும். பலகைக்கும் அச்சுத்தலைக்கும் இடையே பொதுவாக 1.5 முதல் 2 மி.மீ. விடப்படுகிறது. இடைவெளி மிகுந்தால் துளிகள் இடம் மாறி விழும். குறைந்தால் வளைந்த ஓரம் தலையில் உரசும். பழுது பார்க்கும் செலவு மிகப் பெரிது. பளபளக்கும் உலோகத்தில் ஒளி திரும்பித் தெறித்து, துளைகளிலேயே மையை இறுக்கிவிடுவதும் உண்டு. பாலிப்ரொப்பிலீன் போன்ற பரப்புகளில் நீர்த்துளி பரவாமல் குமிழாக நிற்பதைக் காணலாம். அங்கு மையும் பற்றாது. விளக்கின் சக்தியைக் கூட்டுவதால் பயனில்லை, முற்பூச்சே தேவை.

பார்வையற்ற மாணவர்களுக்கான பெயர்ப்பலகைகளும் தொட்டறியும் தேசப்படங்களும் இம்முறையில் அச்சிடப்படும்போது இவை யாவும் ஒருங்கே சோதனைக்குள்ளாகின்றன. பிரெயில் புள்ளி ஏறத்தாழ அரை மி.மீ. உயரமுடையது, பல அடுக்குகளாக மையை இட்டே அதனை எழுப்ப வேண்டும். ஓர் அடுக்கு அளவுக்கு மீறி இறுகினால் அடுத்தது அதன்மேல் நன்கு பற்றாது. குறைவாக இறுகினால் மேலே கெட்டியான தோலும் உள்ளே ஈரமும் நிற்கும். வெள்ளை மையிலுள்ள டைட்டானியம் டை ஆக்சைடும் கரிய நிறமியும் கதிரைத் தாமே விழுங்குவதால், அவ்வண்ணங்களில் இவ்வாபத்து மிகுதி. இறுகாத அக்ரிலேட் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக் கூடியது. அதன்மீது நாள்தோறும் விரல் பதிப்பவர் குழந்தைகள் என்பதை மறத்தலாகாது.

ஆதலின் பலகையைப் பெறும் பணியாளர், புள்ளியைக் கட்டைவிரலால் அழுத்தித் திருகியும், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தோய்ந்த துணியால் தேய்த்தும் பார்க்கலாம். இவ்விரண்டையும் கையுறை அணிந்தே செய்தல் வேண்டும். துணியில் நிறம் ஏறினால் பலகையைத் திருப்பி அனுப்புதல் நன்று. தட்டையான மாதிரி அச்சில் கத்தியால் குறுக்கும் நெடுக்கும் ஆறு ஆறு கோடுகள் கீறி, 25 சிறு சதுரங்களாக்கி, ஒட்டுநாடாவை ஒட்டி இழுப்பது மற்றொரு சோதனை. எரியும் விளக்கை வெறுங்கண்ணால் நோக்கலாகாது. விளக்கின் கண்ணாடியில் மைத்திவலை படிந்தாலும், விளக்கு நாட்பட்டாலும், ஒளி குன்றும். சென்ற மாதம் சரியாக இருந்த அதே அமைப்பு இம்மாதம் போதாமற் போகலாம் என்பதால், ஒவ்வொரு தொகுதிக்கு முன்னும் ஒரு சிறு மாதிரி அச்சிட்டுச் சோதித்தல் வழக்கமாக வேண்டும்.