மாதிரித் துணியும் பொருட்காட்சிசாலையும்

லண்டன் மாநகரிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் பொருட்காட்சிசாலையைக் காணச் சென்றபோது, பொன்னையும் பளிங்கையும் விரைந்து கடந்து, துணிகள் உள்ள பகுதிகளிலேயே பெரும்பொழுதைக் கழித்தோம். நெசவாளர் சங்கங்களின் கணக்குப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வேறு வழி தெரியவில்லை, அன்பர்கள் பொறுத்தருள்க.

1851-ஆம் ஆண்டில் அந்நகரில் நடந்த பெரும் பொருட்காட்சியை அடுத்து, 1852-இல் தோன்றிய நிலையம் இது. வெறும் வேடிக்கைக்கென்று இதனைத் தொடங்கவில்லை. கைத்தொழிலாளரும் ஆலை முதலாளிகளும் நல்ல வேலைப்பாட்டைக் கண்டு தம் சரக்கைத் திருத்திக்கொள்ள வேண்டுமென்பதே கருத்து. பகலெல்லாம் உழைப்பவர் மாலையில் வந்து காணும்பொருட்டு வாயு விளக்குகளும் அமைத்தனர்.

அங்கே ஒரு கட்டில் உண்டு. டேவிட் காரிக் என்னும் நடிகருடையது. அதன் திரைகள் சோழமண்டலக் கரையில் கையால் வரைந்து சாயமேற்றிய பருத்தித் துணிகள். கல்கத்தா வணிகர்கள் அன்பளிப்பாக அனுப்பிய அவற்றைச் சுங்க அதிகாரிகள் பறிமுதல் செய்தனராம். அத்தகைய சாயத் துணியை உடுத்துவதையும் வீட்டில் பயன்படுத்துவதையும் 1721 முதல் அந்நாட்டுச் சட்டம் தடுத்திருந்தது. நம்மவர் கைவேலைக்கு அத்துணை அஞ்சினர்!

பிற்காலத்தில் அவர்கள் வேறு வழி கண்டனர். 1866-இல் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் இந்தியத் துணிகளை வெட்டி, 700 மாதிரிகளைப் 18 தொகுதிகளாகக் கட்டினார். தலைப்பாகை, சேலை, மஸ்லின் என்று பலவகையும் அவற்றில் அடங்கும். நெய்த ஊர், நீளம், அகலம், எடை முதலிய விவரங்களையும் சேர்த்தார். இந்தியர் விரும்பி உடுத்துவது எது என்பதை ஆங்கில ஆலைகள் அறிந்து, அவ்வாறே நெய்து இங்கு விற்பதற்காகவே இம்முயற்சி. இவ்வாறு செய்த 20 பிரதிகளுள் 13 பிரிட்டனுக்கும் 7 இந்தியாவுக்கும் ஒதுக்கப்பட்டன. அவர் பொறுப்பிலிருந்த இந்தியப் பொருட்காட்சிசாலையின் சேகரிப்பில் பெரும்பகுதி 1879-இல் மேற்கூறிய நிலையத்துக்கே வந்து சேர்ந்தது.

மாதிரி என்பது சிறு துண்டுதான். ஆயினும் இழை எண்ணும் கண்ணாடியை அதன்மேல் வைத்துப் பார்க்கும் நெசவாளிக்கு, அங்குலத்திற்குப் பாவு எத்தனை, ஊடை எத்தனை, நூல் எத்தன்மையது என்பதெல்லாம் புலப்பட்டுவிடும். பிறர் நம் தொழிலைக் கற்றது இவ்வாறே.

நாம் பார்வையிடும் சங்கமொன்றில் ரொக்கப் புத்தகம் பழுதற்றது; இருப்புப் பதிவேடும் அவ்வாறே. சில ஆண்டுகளுக்குமுன் வணிகர் ஒருவர் அச்சங்கத்தின் பழைய கரைச் சேலையை மீண்டும் கேட்டு வந்தார். அதனை நெய்தறிந்த முதியவர் காலமாகிவிட்டார். மாதிரித் துணி ஒரு சாண்கூட இல்லை. ஆர்டர் வேறிடம் போயிற்று; அப்பருவத்தில் பல தறிகள் நின்றன.

துணியை வெட்டினால் நஷ்டமல்லவா என்று அங்கத்தினர் சிலர் வினவுகின்றனர். விற்கும் துணியை வெட்ட வேண்டுவதில்லை. பாவு முடியுமிடத்தில் ஒரு சாண் கூடுதலாக நெய்து, தடித்த காகிதத்தில் தைத்து, அருகே நூல் நம்பர், பன்னை அளவு, சாயம், நெய்தவர் பெயர், தேதி ஆகியவற்றை எழுதிவைத்தால் போதும். கரப்பானும் ஈரமும் அணுகாத அலமாரி ஒன்று வேண்டும்.

அடுத்த முறை வரும்போது ரொக்கப் புத்தகத்தோடு இதனையும் கேட்போம்.