தாத்தாவின் பத்திரம்

வெளிநாட்டில் குடியேறுவது என்றதும் பெட்டி கட்டுவது, வீட்டை வாடகைக்கு விடுவது, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்றுதான் பேச்சு ஓடும். பூர்வீகத்தின் பெயரால் ஒரு நாட்டின் கதவைத் தட்டுகிறவருக்கோ முதல் வேலை தாத்தாவின் பத்திரத்தைத் தேடுவதுதான். இஸ்ரேலையே பாருங்கள். 1950-ல் இயற்றிய திரும்பும் சட்டத்தின்படி யூதர் எவரும் அங்கே போய்க் குடியுரிமை பெறலாம். 1970-ல் திருத்தி, யூதரின் பேரப்பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். வந்து இறங்குகிறவருக்குத் தொடக்கச் செலவுக்குப் பணமும், 'உல்பான்' எனப்படும் ஹீப்ரூ வகுப்பும் உண்டு. ஆனால் விமானம் ஏறுமுன்பே பிறப்புப் பத்திரம், பெற்றோரின் திருமணப் பத்திரம், இவர் யூதர்தான் என்று ரப்பி எழுதிய கடிதம் என ஒரு கோப்பு தடித்திருக்க வேண்டும். மலேசியக் கடப்பிதழில் இஸ்ரேலுக்கு இடமில்லை. அதனால் அந்தக் கதை நமக்கு எட்டாத தூரம். கோப்பு மட்டும் தூரமில்லை: இந்தியாவின் கதவைத் தட்டும் மலேசியத் தமிழருக்கும் அது வேண்டும்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் தோரண வாயிலை 2015 நவம்பரில் இந்தியப் பிரதமர் மோடியும் அப்போதைய மலேசியப் பிரதமர் நஜிப்பும் திறந்துவைத்தார்கள். வாயில் எல்லாருக்கும் திறந்துதான் கிடக்கிறது. வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டை அப்படியல்ல. 1950 ஜனவரி 26 அன்று இந்தியக் குடிமகனாகத் தகுதி பெற்றிருந்தவரின் வாரிசு என்பதை மெய்ப்பிக்கச் சொல்கிறது சட்டம். இங்கேதான் மலாயா வரலாறு குறுக்கே நிற்கிறது. மொரீஷியஸுக்கும் தென்னாப்பிரிக்காவின் நாட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்கு ஆளுக்கொரு பதிவு இருந்தது: தகப்பன் பெயர், ஊர், வயது, கப்பல். மலாயாவில் ஒப்பந்த முறை 1910-ல் முடிந்துவிட, 1938 வரை கங்காணிகள் எனும் தோட்ட மேஸ்திரிகள்தான் சொந்த ஊரிலிருந்து உறவையும் தெரிந்தவரையும் கூட்டி வந்தார்கள். ஆளை அடையாளம் காட்டியது தாளைவிடக் கங்காணியின் வாய்ச்சொல். இந்தக் குறைக்குக் கொள்ளுப்பேரன் இன்று விலை கொடுக்கிறார்.

இருக்கிற தாளும் ஒத்துப்போகாது. தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) காதில் விழுந்தபடி ரூமி எனும் ரோமன் எழுத்தில் எழுதிய பெயரைப் பாருங்கள்: முனியாண்டியின் கடைசி எழுத்து பிறப்புப் பத்திரத்தில் 'ஐ', அடையாள அட்டையில் 'வை', மகனின் கல்யாணப் பத்திரத்தில் நடுவே ஓர் எழுத்தே காணோம். மூன்றும் ஒரே மனிதர் என்பது கிள்ளானில் பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும். சட்டத்துக்குத் தெரியாது, அதற்குச் சத்தியப்பிரமாணம் வேண்டும், பழைய பதிவின் நகல் வேண்டும், அதைத் தேட ஆள் வேண்டும்.

முகத்தைப் பார்த்தாலே தமிழன் என்று தெரியுமே, தாள் எதற்கு என்று கேட்கலாம். முகமும் வழிபாடும் போதாமல் போன கதையும் உண்டு. கொங்கணக் கரையிலிருந்து இஸ்ரேலுக்குப் போன பெனே இஸ்ரேல் யூதர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது. கல்யாணம் என்று வந்தபோது அங்குள்ள தலைமை ரப்பிகள் 1962-ல் அவர்களின் மூதாதையரை விசாரிக்கச் சொன்னார்கள். போராட்டம் வெடித்து, 1964-ல்தான் அரசு அவர்களை எல்லா வகையிலும் யூதர்களே என்று அறிவித்தது. உள்ளே போன பிறகும் வம்சக் கேள்வி விடவில்லை.

மலேசியாவில் பிறந்தவனுக்கு ஓ.சி.ஐ. அட்டையே தேவையா, குடிமகனுக்குரிய நீல ஐ.சி. (அடையாள அட்டை) பறிபோகாதா என்பது அடுத்த கேள்வி. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவரின் மலேசியக் குடியுரிமையை அரசு நீக்கலாம் என்கிறது அரசமைப்பின் 24-ஆம் பிரிவு, பயம் நியாயமானதே. ஆனால் ஓ.சி.ஐ. பெயரில்தான் குடியுரிமை. அதில் ஓட்டு இல்லை, இந்தியக் கடப்பிதழ் இல்லை, விவசாய நிலமும் வாங்க முடியாது. தேவை இல்லாதவர் அட்டையை விட்டுவிடட்டும். பத்திரத்தை விட்டால் இங்கேயே சிக்கல் வரும்: 1969 கலவரத்துக்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட்டை அரசு கண்டிப்பாக்கியபோது, சிவப்பு ஐ.சி.யோடு இருந்த தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். பல காலம் பால் வெட்டியும் குடியுரிமைத் தாள் கைக்கு வராதவர்கள் அவர்கள். போனவர்களின் வாரிசுகள் தமிழ்நாட்டில் இருக்கலாம், தங்கியவர்களின் வாரிசுகள் கிள்ளானில். இரண்டு வீட்டிலும் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடப்பது ஒரே தாத்தாவின் பெயர், இரண்டு எழுத்துக்கூட்டலில்.