கூடல் நகரைச் சூழ்ந்த குன்றுகள்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

விடுமுறை நாளில் எங்கே போகலாம் என்ற கேள்வி விடுதியில் எழும்போதெல்லாம் கொடைக்கானல் என்றே விடை வருகிறது. அடுத்த நொடியே பணத்தைப் பற்றிய பேச்சு வரும். அதன்பின் எல்லோரும் திரையரங்கிற்குப் போய்விட்டு, இரவு உணவுக்கு விடுதி திரும்பிவிடுவோம். மூன்று ஆண்டுகளாக நான் கண்டு வரும் காட்சி இது. மதுரையில் படிக்கும் நாம், மதுரையைச் சூழ்ந்து நிற்கும் மலைகளைப் பேருந்தின் சன்னல் வழியே பார்த்ததோடு நிறுத்திக்கொள்கிறோம்.

யானைமலை, நாகமலை, பசுமலை என்ற பெயர்களுக்குத் திருவிளையாடற் புராணத்தில் கதை உண்டு. மதுரையை அழிக்கச் சமணர்கள் ஏவிய யானையும் பாம்பும் பசுவும் இறைவன் அருளால் கல்லாய்ச் சமைந்தன என்பது அக்கதை. ஆனால் அந்த மலைகளில் ஏறிப் பார்த்தால் நாம் காண்பது, அதே சமணத் துறவியர் படுத்துறங்கிய கற்படுக்கைகளையும் அவர்கள் வழிபட்ட தீர்த்தங்கரர் திருமேனிகளையுமே. கதையை நம்புவதா, கல்லை நம்புவதா என்று இங்கே வழக்காடப் போவதில்லை. ஒரு பகற்பொழுதில் நடந்து திரும்பக்கூடிய நான்கு இடங்களைப் பற்றி, நான் நடந்து அறிந்த அளவில் எழுதுகிறேன். நான்குமே நகரிலிருந்து பேருந்திலோ இருசக்கர வண்டியிலோ ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரத்தக்கவை.

போவதற்கு முன்பு குகையைப் பார்க்கும் முறையைத் தெரிந்துகொள்வது நலம். இயற்கையாக அமைந்த பாறைக் குடைவுதான் துறவியரின் இருப்பிடம். மழைக்காலத்தில் புல்லும் பூச்சியும் பெருகும். அப்போது நடந்தால் உயிர்கள் மிதிபடும் என்று அஞ்சிய சமணத் துறவியர், அந்த மாதங்களில் ஓரிடத்தில் தங்குவது மரபு. அவர்களுக்காக அரசரும் வணிகரும் ஊராரும் பாறையைச் செதுக்கிப் படுக்கை அமைத்துக் கொடுத்தனர். தலை வைக்கும் இடத்தில் தலையணை போலக் கல் சற்றே உயர்ந்திருக்கும். குகையின் நெற்றியில் புருவம் போல ஒரு காடி வெட்டியிருப்பார்கள். மேலிருந்து வழியும் மழைநீர் உள்ளே போகாமல் வெளியே சொட்டுவதற்கான ஏற்பாடு அது. அந்தக் காடியை ஒட்டித்தான் பெரும்பாலும் தமிழ்ப் பிராமி எழுத்துக்கள் காணப்படும். எனவே குகைக்குள் நுழைந்ததும் கீழே பார்க்காதீர்கள். வெளியே நின்று முதலில் மேலே பாருங்கள். ஊர்மக்கள் இவற்றைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். எந்த ஊருக்குப் போனாலும் பாண்டவர் ஐவரும் நமக்கு முன்னே வந்து படுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்!

முதன்முதலாகப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் இடம் கீழக்குயில்குடிச் சமணர் மலை. மதுரைக்கு மேற்கே சுமார் 12 கிலோமீட்டர். தேனி சாலையில் நாகமலைப் புதுக்கோட்டைக்கு அருகே பிரிந்து போக வேண்டும். மலையடிவாரத்தில் தாமரைக்குளம், அதன் அருகே பெரிய ஆலமரம், எதிரே அய்யனார் கோயில். காலை ஏழு மணிக்கு அந்த ஆலமரத்தடியில் நின்றால் மலையேறவே மனம் வராது.

கோயிலுக்குப் பின்னால் பாறையில் வெட்டிய படிகள் தொடங்குகின்றன. இருபது நிமிட ஏற்றத்தில் பேச்சிப்பள்ளம் வருகிறது. ஒரு சுனையும், அதன் மேலே பாறைச் சுவரில் வரிசையாகச் சமணத் திருமேனிகளும் இருக்கின்றன. ஐந்தலை நாகம் குடைபிடிக்க நிற்பவர் பார்சுவநாதர். கொடிகள் உடலைச் சுற்றியிருக்கத் தவம் செய்பவர் பாகுபலி. உருவங்களின் கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர் பெயர்கள். இவை ஒன்பது, பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இன்னும் மேலே ஏறினால் மாதேவிப் பெரும்பள்ளி என்னும் சமணப் பள்ளியின் அடித்தளம் மட்டும் எஞ்சி நிற்கிறது. உச்சியில் நாகமலையின் நீண்ட முதுகும் வயல்களும் தென்னந்தோப்புகளும் கண்ணுக்கு விருந்து. வானம் தெளிந்த நாளில் கிழக்கே மீனாட்சியம்மன் கோபுரங்களும் தெரியும். இறங்கி, மலையின் மறுபுறம் சுற்றி நடந்தால் செட்டிப்புடவு. புடவு என்றால் குகை. அங்கே அமர்ந்திருக்கும் பெரிய தீர்த்தங்கரரைச் செட்டியார் என்று கொண்டு ஊரார் வைத்த பெயர் அது. உள்ளே, சிங்கத்தின் மேலமர்ந்து யானை மீது வருபவனோடு போர் புரியும் இயக்கியின் சிற்பத்தைத் தவறவிடாதீர்கள்.

இம்மலையைப் பற்றி எழுதும்போது ஒன்றை மறைக்க மனமில்லை. முதலாமாண்டில் நாங்கள் எட்டுப் பேர் இங்கே வந்தோம். விளையாட்டு விழாவுக்குக் கோடு போட வாங்கிய வெள்ளைச் சாயத்தில் கொஞ்சம் மீந்திருந்தது. கையில் எடுத்து வந்தோம். பேச்சிப்பள்ளத்துக்கு மேலே போகும் வழியில் ஒரு பாறையில் எங்கள் வகுப்பின் பெயரையும் ஆண்டையும், எழுதியவன் நானாதலால் ஓரத்தில் என் பெயரின் முதலெழுத்தையும் தீட்டினேன். அன்று அது பெரிய வீரமாகத் தோன்றியது.

இரண்டு ஆண்டுகள் கழித்து எங்கள் பேராசிரியர் எங்களை அதே மலைக்கு அழைத்துச் சென்றார். பேச்சிப்பள்ளத்தில் ஒரு திருமேனியின் கீழிருந்த வட்டெழுத்தை விரலால் தொடாமல் காற்றிலே கோடிட்டுப் படித்துக் காட்டினார். அச்சணந்தி என்னும் துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி அது. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய ஒரு தாயின் பெயர்! எல்லோரும் வாயடைத்து நின்றோம். பிறகு மேலே ஏறினோம். என் வெள்ளைச் சாயம் சற்றும் மங்காமல் காத்திருந்தது. பேராசிரியர் நின்று, அதையும் அதே குரலில் படித்தார். எங்களில் ஒருவன் துணிந்து, "அவுங்களும் பேரைத்தானே சார் எழுதி வச்சிருக்காங்க?" என்று கேட்டான். "அந்த அம்மா சிலையைச் செய்வித்துவிட்டுக் கீழே பெயர் எழுதினார். நீங்கள் என்ன செய்துவிட்டு எழுதினீர்கள் தம்பி?" என்றார் அவர். வேறொன்றும் சொல்லவில்லை. சுரண்டி அழிக்க நான் கல்லைத் தேடியபோது மட்டும் தடுத்தார். சுரண்டினால் பாறையும் சேர்ந்து போகும் என்றார். பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சேதப்படுத்தினால் இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க 2010இல் திருத்தப்பட்ட தொல்லியல் சட்டம் இடம் தருகிறது என்பதை அன்று மாலை பேருந்தில்தான் சொன்னார்.

இனி யானைமலை. மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் செல்லும் பேருந்தில் ஏறி ஒத்தக்கடையில் இறங்கினால், யானை எதிரே படுத்திருக்கும். இங்குள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் இம்மலையின் பெயர் இவகுன்றம். இவம் என்றாலும் யானைதான். இரண்டாயிரம் ஆண்டுகளாக மனிதர் கண்ணுக்கு இம்மலை யானையாகவே தெரிந்திருக்கிறது என்பது வியப்பல்லவா? அடிவாரத்தில் நரசிங்கம் என்ற ஊரில் யோக நரசிம்மர் குடைவரைக் கோயில். பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகனின் அமைச்சர் மாறன் காரி கி.பி. 770இல் குடைவித்தது. பணி நிறைவெய்தும் முன்பே அவர் மறைந்துவிட, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து நீர்த்தெளித்தார். அருகிலேயே லாடன் கோயில் என்ற சிறிய முருகன் குடைவரை உண்டு. மலைமேல் சமணத் திருமேனிகளும் உள்ளன. சிலவற்றில் பழைய வண்ணப்பூச்சின் எச்சம் இன்னும் தெரிகிறது. அவற்றின் கீழுள்ள வட்டெழுத்துக்கள் சொல்லும் செய்தி சுவையானது. இத்திருமேனிகளைக் காக்கும் பொறுப்பை நரசிங்கமங்கலத்துச் சபையார் ஏற்றிருக்கிறார்கள். நரசிம்மருக்குரிய ஊரின் சபை சமண உருவங்களுக்குக் காவல்!

அந்தக் காவல் பொறுப்பு நம் காலத்திலும் தொடர்ந்தது என்றே சொல்ல வேண்டும். யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் அமைக்கும் திட்டம் ஒன்று 2010ஐ ஒட்டிப் பேசப்பட்டபோது, ஒத்தக்கடை, நரசிங்கம் வட்டார மக்கள் எதிர்த்து நின்றார்கள், திட்டம் கைவிடப்பட்டது. மலைகளைக் காக்க வேண்டுமானால் மக்களை அங்கே நடக்க வைக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் 2010இல் 'பசுமை நடை' இயக்கத்தைத் தொடங்கியதும் இக்காலத்தில்தான். மேலூர்ப் பக்கம் பாதி வெட்டுண்டு நிற்கும் குன்றுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த அச்சம் புரியும். அங்கே கிரானைட் எடுப்பதில் நடந்த முறைகேடுகளைப் பற்றி 2012இல் மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயம் அரசுக்கு அறிக்கை அனுப்பினார். 2014இல் உயர்நீதிமன்றம் அவரையே விசாரணைக்கு நியமித்தது.

அழகர் மலைக்கு நாம் எல்லோரும் போயிருக்கிறோம். ஆனால் கோயிலுக்கும் பழமுதிர்சோலைக்கும் நூபுரகங்கைக்கும் போய்க் குரங்குகளிடம் தேங்காயைப் பறிகொடுத்துத் திரும்பியிருப்போம். அதே மலைத்தொடரில் கிடாரிப்பட்டிப் பக்கம் உள்ள குகைக்குப் போனவர் சிலரே. அங்குள்ள தமிழ்ப் பிராமி எழுத்துக்களில் மதுரைப் பொன்வினைஞர், உப்பு வணிகர், அறுவை வணிகர், கொழு வணிகர், பணித வணிகர் ஆகியோர் வருகிறார்கள். அறுவை என்றால் துணி; கொழு என்றால் ஏர்முனை இரும்பு; பணிதம் என்றால் பாகு. பழைய மதுரைக் கடைத்தெருவே ஒரு பாறை விளிம்பில் வரிசையாக நிற்பது போலத் தோன்றும். பொருளாதாரத் துறை நண்பர்கள் கட்டாயம் போக வேண்டிய இடம்.

நான்காவது அரிட்டாபட்டி. மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். மேலூர் செல்லும் சாலையிலிருந்து இடப்புறம் பிரியும் வழி. நான்கில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் இதையே சொல்வேன். ஊரைச் சுற்றி ஏழு குன்றுகள். அவற்றில் பெய்யும் மழை சுனைகளில் தங்கி, ஓடைகளில் வழிந்து, ஆனைகொண்டான் கண்மாயிலும் இன்னும் பல கண்மாய்களிலும் சேர்ந்து, மடை வழியே வயலுக்குப் போகிறது. மலை, கண்மாய், வயல் மூன்றும் ஒரே உடம்பின் உறுப்புகள் என்பதைப் புத்தகமின்றிக் கற்பிக்கும் ஊர் இது. குடைவரைச் சிவன் கோயிலில் இலகுலீசர் உருவத்தைக் காணலாம். தமிழகத்தில் அரிதான சிற்பம். கழிஞ்சமலையில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும், அச்சணந்தி செய்வித்த தீர்த்தங்கரர் திருமேனியும் உள்ளன. அண்டையிலுள்ள மீனாட்சிபுரம் குன்றில்தான் புகழ்பெற்ற மாங்குளம் கல்வெட்டுக்கள். 1882இல் இராபர்ட் சீவெல் இவற்றைக் கண்டறிந்தார். ஆனால் எழுத்து தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் எடுத்துக்காட்டும் வரை அதன் மொழி புதிராகவே இருந்தது. கணி நந்தாசிரியன் என்ற துறவிக்குக் கொடை அளித்தோர் வரிசையில் நெடுஞ்செழியன் பெயர் வருகிறது. சிலப்பதிகாரத்து நெடுஞ்செழியன் இவனே என்று தேர்வில் எழுதிவிடாதீர்கள். அப்பெயர் கொண்ட பாண்டியர் பலர்.

தலையை உயர்த்திப் பார்ப்பவர்களுக்கு வேறொரு செல்வமும் உண்டு. லகர் வல்லூறு, சாகீன் வல்லூறு, ராசாளிப் பருந்து ஆகிய மூன்றும் இங்குண்டு. பாறை முகட்டிலிருந்து வல்லூறு ஒன்று கல் விழுவது போல் விழுந்ததை ஒருமுறை கண்டேன். எதைப் பிடித்தது என்று தெரியவில்லை. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களின் 193 எக்டேருக்குச் சற்று மேற்பட்ட நிலப்பரப்பைத் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. சரியாக இரண்டாண்டுகள் கழித்து, 2024 நவம்பரில், அந்தத் தலத்தையும் உள்ளடக்கி 2,000 எக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்த செய்தி வந்தது. ஊர்தோறும் கூட்டங்கள். டிசம்பர் 9இல் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7இல் நரசிங்கம்பட்டியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் மதுரைத் தல்லாகுளம் நோக்கி நடந்தார்கள். ஜனவரி 23இல் மத்திய அரசு ஏலத்தை இரத்து செய்தது.

அதன்பின் ஒருநாள் கண்மாய்க்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், "நீங்களும் அன்னைக்கு நடந்தீங்களா தாத்தா?" என்று கேட்டேன். "நடக்காம? ஆட்டை ஆத்தாகிட்ட விட்டுட்டுப் போனேன்ப்பா. மலை போனா கம்மாய்க்கு ஏது தண்ணி?" என்றார். பிறகு வானத்தைப் பார்த்துவிட்டு, "பத்து மணிக்கு மேல பாறை சுடும், வெள்ளன எறங்கிருங்க" என்று எங்களை விரட்டினார்.

அவர் சொன்னதே முதல் விதி. ஐப்பசி மழை ஓய்ந்தது முதல் மாசி வரை நடைக்கு ஏற்ற காலம். பங்குனி, சித்திரையில் போவது மடமை. ஆறு மணிக்கு ஏறத் தொடங்கி ஒன்பதரைக்குள் இறங்கிவிட வேண்டும். ஆளுக்கு இரண்டு குப்பித் தண்ணீர், வழுக்காத காலணி, தலைக்குத் துண்டு. மழை பெய்த அன்று யானைமலைப் பாறையில் கால் வைக்க வேண்டாம். பாறை இடுக்குகளில் மலைத்தேனீக் கூடுகள் உண்டு. புகையும் வேண்டாம், கூச்சலும் வேண்டாம். தனியாகப் போகாதீர்கள், ஊருக்குள் நுழைந்ததும் டீக்கடையில் எங்கே போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். நெகிழிப் பையில் கொண்டுபோன புளிச்சோற்றைத் தின்றுவிட்டுப் பையைச் சுனையில் விடுகிறவர்களைப் பற்றி எழுத இடம் போதாது.

வழியும் பேருந்து நேரமும் எழுதிய குறிப்பேடு ஒன்றை எங்கள் வகுப்பு துறை நூலகத்தில் வைத்துவிட்டுப் போகிறது. எந்தக் குகைக்கு எந்த ஒற்றையடிப் பாதை, எந்தச் சுனையில் கோடையிலும் நீர் இருக்கும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. கடைசி இருபது பக்கங்கள் வெறுமையாக உள்ளன. போய் வந்தவர்கள் தங்கள் பெயரை அங்கே எழுதிக்கொள்ளலாம்.